அண்ணன் வீட்டு எண்ணெய்

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் லேபிள் ஒட்டினேன். பசை இறுகிப்போயிருந்ததால் பாதிக்கு மேல் கோணல். அண்ணன் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, நம்ம பேரு குடிச்சிட்டு நிக்குது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயதிலும் அவருக்கு நான் பாப்பாதான்.

கார் நிறுத்தும் அறையில்தான் எங்கள் தொழில் எல்லாம். ஒரு ஓரம் கரண்டில் ஓடும் செக்கு, மறு ஓரம் கொப்பரை மூட்டைகள், நடுவில் வெள்ளைத் திரையும் விளக்கும் போனை மாட்டும் கம்பியும். கப்பல் கம்பெனி வேலையை விட்டதிலிருந்து அண்ணன் இங்கேயேதான் கிடக்கிறார். தினமும் கேமரா முன்னால் நின்று இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெயைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இதயத்துக்கு இதுதான் காவல்" என்பார். வீடியோ எடுப்பது அண்ணி. பார்க்கிறவர்கள் அவருக்கு 'எண்ணெய் மாமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கப் போனேன். டாக்டர் சின்ன வயசுப் பெண், ஆனால் அவசரமில்லாமல் பேசினாள். "இடுப்புச் சுற்று, சர்க்கரை, பிரஷர், ட்ரைகிளிசரைடு, நல்ல கொழுப்பு. இந்த அஞ்சுல மூணு கெட்டாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம்னு சொல்லுவோம். உங்களுக்கு நாலு கெட்டிருக்கு. அது போதாதுன்னு கெட்ட கொழுப்பு நூத்தி எழுபத்தொண்ணு."

வீட்டில் என்ன எண்ணெய் என்று கேட்டாள். சொன்னேன். நாங்களே ஆட்டுவது என்பதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"அது விஷம்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல கெட்ட கொழுப்பை ஏத்துற நிறைகொழுப்பு ரொம்ப அதிகம். உங்க உடம்பு இருக்கிற நிலைமைக்கு அது வேண்டாம். சூரியகாந்தி, சோயா, இந்த மாதிரி எண்ணெய்க்கு மாறுங்க, அதையும் அளவா ஊத்துங்க, நடங்க. மூணு மாசம் பாப்போம். இறங்கலைன்னா மாத்திரை."

மாறுங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

பிப்ரவரி 12

சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என் வீட்டு அடுப்புல பாக்கெட் எண்ணெயா? நாளைக்கு எவனாவது நம்ம குப்பைத்தொட்டியில அந்தக் கவரைப் பாத்தான்னா நான் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்."

"மூணு மாசம்தான்ணா."

"தேங்காய் எண்ணெய்ல நல்ல கொழுப்பு ஏறும். அதைச் சொன்னாளா அந்த டாக்டர்?"

சொன்னாள். "நல்லதும் ஏறும், கெட்டதும் சேர்ந்து ஏறும், நல்லது ஏறிடுச்சேன்னு கெட்டது சும்மா இருக்காது" என்றாள். அதை நான் அண்ணனிடம் சொல்லவில்லை.

அப்புறம் குரலை இறக்கிக் கேட்டார்: "பாப்பா, உனக்கு நான் கெட்டதைக் குடுப்பேனா?"

என் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு போன பிறகு நான் ஒற்றைப் பெட்டியோடு இந்த வாசலில் வந்து நின்றேன். அண்ணன் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். ஆறு வருஷமாகிறது. இன்றுவரை வேறெதுவும் கேட்டதில்லை.

குடுக்க மாட்டீங்க என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் யாரையும் ஏமாற்றுகிறவர் இல்லை. நம்பித்தான் குடிக்கிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 15

வாங்கிவிட்டேன். ஒரு லிட்டர் சூரியகாந்தி. கவரைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு, எண்ணெயை நம் பாட்டிலில், நம் லேபிளுக்குள் ஊற்றிக் கொண்டுவந்தேன்.

பிப்ரவரி 23

பிடிபட்டேன். நல்லவேளை, அண்ணியிடம்.

விடியற்காலையில் நல்ல குளிர். சமையலறை அலமாரியில் இருந்த பாட்டில் எல்லாம் மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்து நின்றது. என்னுடையது மட்டும் தண்ணீர் மாதிரி தளதளவென்று. இந்த யோசனை எனக்கு வரவே இல்லை. இத்தனை வருஷம் தேங்காய் எண்ணெயோடு புழங்கியும் வரவில்லை. மரமண்டை.

அண்ணி அந்தப் பாட்டிலை எடுத்துச் சாய்த்துப் பார்த்தார், மூடியைத் திறந்து மோந்தார், மூடினார். நான் வெங்காயம் நறுக்குகிற மாதிரி கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த தடவை ரெண்டு லிட்டரா வாங்கு," என்றார். "எனக்கும் சேத்துச் சமை. இதைக் குளிர்ல வெளிய வெக்காத."

அவ்வளவுதான். அண்ணிக்கும் சர்க்கரை இருக்கிறது என்று எனக்கு இன்றுதான் தெரியும். "உங்க அண்ணன்கிட்ட சொன்னா செக்கு அவமானப்படும்" என்றார். இருவரும் சிரித்தோம். அண்ணன் உள்ளே வர, சிரிப்பை விழுங்கினோம்.

மார்ச் 9

இரண்டு சட்டியில் சமைக்கிறேன். அண்ணனுக்கும் அவர் பிள்ளைக்கும் ஒன்று, எங்களுக்கு ஒன்று. அண்ணனுக்கு வாசனை தெரியாது. நாள் முழுக்க கொப்பரை நடுவில் இருக்கிறவர். வீடே அவருக்குத் தேங்காய்தான்.

காலையில் பஸ் நிலையம் வரை நடந்து திரும்புகிறேன். முட்டி வலி. எண்ணெயைப் பாதியாகக் குறைத்தேன். முதல் வாரம் சோறு தொண்டையில் இறங்கவில்லை, இப்போது பழகிவிட்டது.

அண்ணனையும் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். "என் உடம்பு எனக்குத் தெரியும்" என்றார். கேமராவில் தெரியாமல் இருக்கத் தொப்பைக்கு முன்னால் எப்போதும் ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொள்கிறார். அண்ணிதான் காட்டிக்கொடுத்தார்.

ஏப்ரல் 2

பழைய பாவாடை நாடா ஒரு முடிச்சு உள்ளே போயிருக்கிறது.

மே 14, புதன்

நூற்று முப்பத்தெட்டு!

டாக்டர் இரண்டு முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். கெட்ட கொழுப்பு நூற்று எழுபத்தொன்றிலிருந்து நூற்று முப்பத்தெட்டு. ட்ரைகிளிசரைடும் இறங்கியிருக்கிறது. "எண்ணெய் மட்டும் இல்ல, நடந்தீங்க, எடை குறைஞ்சிருக்கு, எல்லாம் சேர்ந்துதான். ஆனா எண்ணெய் மாத்தினதுக்கும் இதுல பெரிய பங்கு இருக்கு," என்றாள். இன்னும் நூற்றுக்குக் கீழே வர வேண்டுமாம். சின்ன மாத்திரை ஒன்றை எழுதிக் கொடுத்தாள்.

சந்தோஷத்தில் புத்தி கெட்டுப்போய்விட்டது எனக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணனிடம் சொல்லிவிட்டேன்— எத்தனைக்கு இறங்கியது என்பதை மட்டும்.

அவர் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா! பாத்தியா பாப்பா! நான் சொன்னேன்ல?" என் தலையைப் பிடித்து ஆட்டினார். "அவ மாத்தச் சொன்னா, நீ மாத்தல. இப்ப பாரு!"

அண்ணி கதவோரம் நின்று என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மே 15

வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார். அண்ணியின் நீலப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் கேக்கிறதுக்குப் பதில் சொன்னா போதும்."

கேட்டார். மூன்று மாதம் முன்னால் எவ்வளவு? சொன்னேன். இப்போது எவ்வளவு? சொன்னேன். மாத்திரை எடுத்தியா? இல்லை. அதுவரை எல்லாம் நிஜம். மாத்திரைச் சீட்டு பிரிக்காமல் என் பையில் இருந்தது.

"எங்க வீட்ல என்ன எண்ணெய்ல சமைக்கிறோம்?"

"தேங்காய் எண்ணெய்."

"வேற ஏதாவது?"

போனுக்குப் பின்னால் அண்ணியின் முகம் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. அது ஆடவில்லை.

"வேற இல்லை," என்றேன்.

மே 16

ஏன் சொன்னேன்?

பயமா? வெளியே போ என்றா சொல்லிவிடுவார்? மாட்டார். அதனால்தான் சொன்னேனோ? அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று. வேலையை விட்ட அன்று சொந்தக்காரங்க எல்லாம் பைத்தியம் என்றார்கள். நான்தான் கொப்பரை உடைக்க உட்கார்ந்தேன். இப்ப நானே போய், அண்ணா, உங்க எண்ணெயை விட்டதாலதான் எனக்கு இறங்குச்சுன்னு எப்படிச் சொல்றது— எந்த வாயால சொல்றது—

யாருக்கும் கெடுதல் இல்லையே. ஒரு வீடியோ. நாளைக்கு அடுத்த வீடியோ வரும்.

மே 24

அந்த வீடியோ எங்கெங்கேயோ போகிறது. பாட்டில் கேட்டுப் போன் ஓயவில்லை. செக்கு சூடேறி இரண்டு முறை நின்றது. தெருமுனை மருந்துக்கடைக்காரர்கூட என்னைப் பார்த்து, "நீங்கதானே அது?" என்றார். அவரிடம்தான் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். தலையை ஆட்டிவிட்டு மாத்திரை வாங்காமலேயே திரும்பிவிட்டேன். நாளைக்கு வேறு தெருவில் வாங்க வேண்டும்.

அண்ணி துணி மடிக்கும்போது சொன்னார்: "நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு குழி தோண்டிட்டோம். ஆழம் தெரியல."

ஜூன் 3

ஆர்டர் போனை இப்போது நான்தான் எடுக்கிறேன். இன்று ஒரு தையல்காரம்மா. தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவில் பேசினார். என் குரலைக் கேட்டதும், "ஐயோ, நீங்களேவா பேசுறீங்க!" என்று அப்படி ஒரு சந்தோஷம். அவருக்கும் என்னைப் போலவே எல்லாம்: இடுப்பு, சர்க்கரை, பிரஷர். போதாததற்கு இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சு அடைப்பு, ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

"உங்களைப் பாத்ததும்தாம்மா தைரியம் வந்துச்சு. கொழுப்பு மாத்திரையை நிறுத்திட்டேன். கை கால் எல்லாம் வலி அதால. இப்ப காலையில ரெண்டு கரண்டி, மாமா சொன்ன மாதிரியே. மாசாமாசம் ஒரு பாட்டில் அனுப்பிடுங்க."

அண்ணன் பக்கத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்குங்க," என்றேன். முகவரி எழுதிக்கொண்டேன்.

முகவரி எழுதிக்கொண்டேன்.

ஜூன் 4

மொட்டை மாடிக்குப் போய் அவருக்கே கூப்பிட்டேன். மாத்திரையை விடாதீங்கம்மா, ஸ்டென்ட் வெச்சவங்க விடவே கூடாது, நானே இப்ப மாத்திரை எடுக்கிறேன் என்றேன்.

சிரித்தார். "உங்களுக்கு ரொம்ப நல்ல மனசும்மா. ஏதாவது ஆனா உங்க மேல பழி வந்துடும்னு சொல்றீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க."

அப்போது எண்ணெய் விஷயத்தைச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்த ஒன்றைச் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. அவர் யாரிடமாவது சொல்வார், அது சுற்றி அண்ணன் காதுக்கு வரும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

அவர் பாட்டிலை மட்டும் அனுப்பாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அண்ணனே கட்டி அனுப்பிவிட்டார்.

ஜூலை 1

மத்தியானம் அந்த எண்ணிலிருந்து போன் வந்தது. மிஷின் சத்தம் இல்லை. ஒரு பெண் குரல்.

"எண்ணெய்க் கடைங்களா? அம்மா பேர்ல மாசாமாசம் ஒரு பாட்டில் வரும். இனிமே அனுப்ப வேண்டாம். அம்மா இறந்துட்டாங்க."

எப்போது என்றேன். போன வெள்ளிக்கிழமை. தைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

"வெச்சிடறேங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தாள். திட்டவில்லை. அவளுக்கு நான் யார் என்று தெரியாது.

ஜூலை 2

இன்று கிளினிக் போனேன். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை பேனாவைத் திறக்கவில்லை.

எண்ணெயால்தான் செத்தாரா என்று கேட்டேன். "அதை யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது," என்றாள். "ஒண்ணரை மாச எண்ணெய் ஒரு ஆளைக் கொல்லாது. ஆனா ஸ்டென்ட் வெச்சவங்க மாத்திரையை நிறுத்தறது பெரிய ஆபத்து. அதை ஏன் நிறுத்தினாங்க?"

என்னைப் பார்த்து நிறுத்தினார் என்றேன்.

"அப்ப அதை முதல்ல சரி பண்ணுங்க. இன்னும் எத்தனை பேர் பாத்திருக்காங்களோ."

ஜூலை 3

சொல்லிவிட்டேன்.

செக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தத்தில் காதில் விழவில்லை என்று நிறுத்தினார். மறுபடி சொன்னேன். பாக்கெட் எண்ணெய், இரண்டு சட்டி, மாத்திரைச் சீட்டு, தையல்காரம்மா. எல்லாம்.

கையிலிருந்த எண்ணெயைத் துண்டில் துடைத்தார். பிறகு, "எத்தனை நாளா?" என்றார்.

"பிப்ரவரியிலருந்து."

"என் லேபிள் ஒட்டின பாட்டில்லயா?"

அதுதான் அவருக்கு முதலில் பட்டது.

"அண்ணா, ஒரு அம்மா செத்துப்போயிட்டாங்கண்ணா. அந்த வீடியோவை எடுத்துடுங்க."

"செத்தது என் எண்ணெயாலயா? சொல்லு. ஸ்டென்ட் வெச்சவங்க. மாத்திரையை நான் நிறுத்தச் சொன்னேனா? ஒரு வீடியோல சொல்லியிருக்கேனா?"

சொன்னதில்லைதான். மாத்திரை இல்லாமலேயே இறங்கியது என்று மட்டும்தான் சொல்லவைத்தார். என்னைக்கொண்டு.

"பொய் சொன்னது நீ. நான் நம்பினேன்," என்றார். அதுவும் உண்மைதான். நல்லாத் தெரியும் எனக்கு, அது உண்மைன்னு. அழக்கூட முடியல.

அண்ணி வந்து, "பாதி பொய் என்னோடது" என்றார். அண்ணன் அவரைப் பார்க்கவே இல்லை. செக்கைப் போட்டுவிட்டார்.

ஜூலை 6

வீடியோ அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழேயே நான் எழுதினேன்: 'இதில் பேசுவது நான்தான். நான் சாப்பிட்டது சூரியகாந்தி எண்ணெய். அதனால்தான் குறைந்தது. இப்போது மாத்திரையும் எடுக்கிறேன். யாரும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.'

ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பதில். பாக்கெட் கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று ஒருவர். அண்ணன் சோற்றைத் தின்றுவிட்டு அவர் வாயிலேயே மண் போடுகிறாள் என்று ஒருவர். போலிக் கணக்கு, நிஜ அக்கா இப்படி எழுத மாட்டார் என்று இன்னொருவர். நிஜ அக்கா!

ஜூலை 8

அண்ணன் என்னைப் போகச் சொல்லவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். நான் போடும் சோற்றைத் தொடவில்லை. பிள்ளையிடம், "அத்தைகிட்ட உப்பு கேளு" என்கிறார், நான் எதிரில் நிற்கும்போதே.

பெட்டியை எடுத்துவிட்டேன். அண்ணி வாசல்வரை வந்தார். "நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும். நான் பொண்டாட்டி. என்னைத் துரத்த முடியாது."

அண்ணன் கார் அறையில் இருந்தார். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. கால் மட்டும் தெரிந்தது. போயிட்டு வரேண்ணா என்றேன். கால் அசையவில்லை.

ஜூலை 20

வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி. ஒரு அறைக்கு நான்கு கட்டில். ஹோட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் இடத்தில் இஸ்திரி போடும் வேலை. நீராவியில் நாள் முழுக்க நிற்பது. விடுதிச் சமையலில் என்ன எண்ணெய் என்று கேட்டேன். சமையல்காரம்மா, "எது விலை கம்மியோ அந்த எண்ணெய்" என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். முகவரி மனப்பாடமாக இருந்தது. எழுதியவள் நான்தானே.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. மகள் மிஷினில் உட்கார்ந்து பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்ததும் தெரிந்துவிட்டது அவளுக்கு.

உள்ளே கூப்பிடவில்லை. நின்றபடியே சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, ஜூன் நாலாம் தேதி நாக்கு நுனியில் நின்றதையும் சொன்னேன். ஊசியை ஏற்றிவைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா உங்க வீடியோவை என்கிட்ட போட்டுக் காட்டினாங்க. 'பாருடி, டாக்டர் மாதிரி பேசல, நம்மள மாதிரி பேசறாங்க'ன்னு சொன்னாங்க. நான் மாத்திரை போடும்மான்னு எவ்வளவோ சண்டை போட்டேன். உங்களை நம்பினாங்க. என்னை நம்பல."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"அதைச் சொல்லாதீங்க," என்றாள். "சொன்னா நான் பரவாயில்லன்னு சொல்லணும். எனக்குப் பரவாயில்ல இல்ல. போங்க."

வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11

அவள் தைத்துக்கொண்டிருந்தது அம்மா பாதியில் விட்ட ஆர்டரோ?

செப்டம்பர் 13

அண்ணி கூப்பிட்டார். அண்ணன் அந்த வீடியோவை நீக்கிவிட்டாராம், யாரிடமும் சொல்லாமல். அதற்குப் பதில் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார்: சொந்த ரத்தமே எப்படி விலை போகும் என்று. நான் பார்க்கவில்லை. விற்பனைக்கு ஒரு குறைவும் இல்லையாம்.

"இன்னொண்ணு சொல்றேன் கேளு. பாக்கெட்டை இப்ப நான் ஒளிக்கிறதில்லை. அடுப்புப் பக்கத்துலயே கவரோட வெச்சிருக்கேன். எல்லாருக்கும் ஒரே சட்டிதான். அவர் பாத்தார். நின்னு நல்லாப் பாத்தார்."

"என்ன சொன்னார்?"

"சோறு போடுன்னார்."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே சாப்பிடுகிறார். தெரிந்தே ஷட்டரைத் திறந்து செக்கைப் போடுகிறார். நம்பி விற்ற அண்ணனை எனக்குத் தெரியும். இவரை எனக்குத் தெரியாது.

அக்டோபர் 19

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வயசுதான் இருக்கும். கனத்த உடம்பு, வீங்கிய கால், மடியில் காய்கறிப் பை.

"நீங்க அந்த எண்ணெய் வீடியோல பேசினவங்கதானே?"

ஆமாம் என்றேன். அதை நீக்கிப் பல நாள் ஆகிறதே என்றேன். போனில் காட்டினார். அதே நீலப் புடவை, அதே நாற்காலி. கீழே வேறு யாரோ கடையின் பெயர், வேறு ஏதோ எண்ணெய். நான் சிரித்தபடி "வேற இல்லை" என்கிறேன்.

"மாத்திரை எடுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"விட்டுட்டேன். உங்களைப் பாத்துதான்."

அவர் நிறுத்தம் வந்தது. என்னுடையது இன்னும் தூரம். கூடவே இறங்கினேன்.

நிழற்குடைப் பெஞ்சில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தையல்காரம்மா வரைக்கும். காய்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். முடித்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது காசு குடுத்தாங்களா?"

இல்லை என்றேன். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. மாத்திரை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். எங்கேயோ கிடக்கும் என்றார். தேடித் தரட்டுமா, கூட வரட்டுமா என்றேன்.

பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடந்தார். வராதே என்று சொல்லவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னாலேயே போனேன்.